பிரிந்த பின்னும் பிள்ளைக்கு இருவரும்: கூட்டு வளர்ப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு சோடி பிரிந்துவிட்டால் வன்னியில் ஊர் இரண்டு கதைதான் கதைக்கும். முதலில், "பிள்ளையளுக்காகவாவது சகிச்சுக்கொண்டு சேர்ந்து இருங்கோ" என்று பெரியவர்கள் இழுத்துக் கட்டப் பார்ப்பார்கள். அது சரிவரவில்லை என்றதும் அதே ஆட்கள், "இனி அவனுக்கும் பிள்ளைக்கும் என்ன கதை? வாசலுக்கு வர விடாதை" என்று மறுபக்கம் சாய்ந்துவிடுவார்கள். சேர்ந்திருந்தால் குடும்பம், பிரிந்தால் பகை. இதற்கு நடுவில் ஒன்று இருக்கலாம் என்று யாரும் அந்தத் தாய் தகப்பனுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

அந்த நடுவில் இருப்பதைத்தான் கோ-பேரண்டிங் என்கிறார்கள். இங்கே அதைக் கூட்டு வளர்ப்பு என்று எழுதுகிறேன். கணவன் மனைவி என்ற உறவு முடிந்த பிறகும், தாயும் தகப்பனும் பிள்ளையின் படிப்பு, உடல்நலம், செலவு, பராமரிப்பு ஆகியவற்றை முன்கூட்டியே பேசி வைத்த ஓர் ஒழுங்கின்படி இருவருமாகக் கவனிப்பதே கூட்டு வளர்ப்பு.

இதைக் கேட்டதும் பலருக்கு வரும் எண்ணம், "அப்ப திரும்பச் சேரப் போகினமோ?" என்பது. இல்லை. சிலர், பிரிந்தவர்கள் நண்பர்களாக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அதுவும் வேண்டியதில்லை. மாதத்தில் பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் இங்கே என்று பிள்ளையைப் பங்கு பிரிப்பது என்று விளங்கிக்கொள்பவர்களும் உண்டு. பிள்ளை முழு நாளும் தாயோடு இருந்து, தகப்பன் மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் வந்துபோகும் வீட்டிலும் நல்ல கூட்டு வளர்ப்பு நடக்கலாம்.

ஒரே வாய்க்கால், இரண்டு வயல்

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இது புதிதாக இராது. பக்கத்துப் பக்கத்து வயல்காரர் இருவர். எப்போதோ வரம்பை வெட்டியதில் பிரச்சினை வந்து, பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண வீட்டுக்குச் சொல்லிக்கொள்வதுமில்லை. ஆனால் இரண்டு வயலுக்கும் தண்ணீர் வருவது ஒரே வாய்க்காலால். ஒருவர் முறை முடிந்ததும் மடையை அடைப்பார். மற்றவர் தன் முறைக்குத் திறப்பார். "அவன் என்னட்ட மன்னிப்புக் கேட்டால்தான் தண்ணி விடுவன்" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் கமக்கார அமைப்பில் மற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

இவர்களுக்குள் நட்பு இல்லை. இருப்பது மூன்று விடயங்கள்தான். முறை யாருக்கு எப்போது என்பது போகம் தொடங்க முன்னரே தீர்மானமாகிவிட்டது. கதைக்க வேண்டி வந்தால் தண்ணீரைப் பற்றி மட்டும் கதைக்கிறார்கள். வரம்புச் சண்டையை வாய்க்காலுக்குள் கொண்டு வருவதில்லை. கூட்டு வளர்ப்பும் இதேதான். வயலில் செய்வதை வீட்டில் ஏன் செய்ய முடியவில்லை என்றால், பிரிவில் காயம் மிகப் பெரிது. அதோடு பிள்ளை பயிர் மாதிரி பேசாமல் நிற்பதில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த இடத்தோடு வாய்க்காலை விட்டுவிட்டுப் பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பிள்ளையை உடைப்பது எது?

பல நாடுகளில் பல பத்தாண்டுகளாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. பிரிவு பிள்ளைக்கு வலிதான். ஆனால் கூடுதலாகப் பாதிப்பது தாய் தகப்பனுக்கிடையில் ஓயாமல் நடக்கும் சண்டை. ஒரே கூரையின் கீழ் தினமும் அடிபிடிப்படும் வீட்டுப் பிள்ளையும் அதே பாதிப்பைக் காட்டுகிறது. பிரிந்த பின் சண்டை அடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளில் பழையபடி தெளிகிறார்கள். வீட்டு வருமானம் குறைவது, பாடசாலை மாறுவது, ஒருவருடைய தொடர்பு அறவே அற்றுப்போவது ஆகியவையும் பாதிக்கும். ஆகவே "பிள்ளைக்காகச் சேர்ந்து இருங்கோ" என்பது பாதி உண்மை. சேர்ந்திருந்து தினமும் சண்டை பிடித்தால் பிள்ளைக்கு அதில் இலாபம் எதுவும் இல்லை.

சண்டை எப்படிப் பிள்ளைக்குள் போய் வேலை செய்கிறது? சின்னப் பிள்ளைகள், சுமார் ஏழு வயதுவரை, நடப்பதற்கெல்லாம் தாங்களே காரணம் என்று நினைப்பார்கள். "நான் பால் குடிக்கேல்ல, அதுதான் அப்பா போனவர்" என்று ஒரு பிள்ளை நம்பிக்கொண்டிருக்கலாம். வாய்விட்டுச் சொல்லாததால் நமக்குத் தெரியாது. அடுத்தது நிச்சயமின்மை. அப்பா வருவார் என்று சொன்ன சனிக்கிழமை வெளிக்கிட்டுப் படலையடியில் நின்று, வராமல் போவது இரண்டு மூன்று தடவை நடந்தால், அந்தப் பிள்ளை யார் சொல்வதையும் நம்பாமல் இருக்கப் பழகிக்கொள்ளும்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப் பக்க இழுபறி என்று அழைப்போம். ஒருவரை நேசித்தால் மற்றவருக்குத் துரோகம் செய்கிறோம் என்று பிள்ளை உணரும் நிலை அது. ஒன்பது வயதுப் பெடியன் ஒருவன் தகப்பனோடு கிளிநொச்சி ரவுணுக்குப் போய்ப் புதுச் சப்பாத்தோடு வருகிறான். தாய் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முகம் மட்டும் கறுக்கிறது. அடுத்த முறை அவன் சந்தோசத்தைப் படலையிலேயே கழற்றி வைத்துவிட்டு, "அங்க ஒண்டும் சரியில்லையம்மா" என்று சொல்லிக்கொண்டு வருவான். தகப்பன் வீட்டில் போய், "அம்மா எப்பவும் ஏசுறா" என்பான். இரண்டு பக்கமும் கேட்க விரும்பியதையே இரண்டு பக்கமும் சொல்கிறான். பிறகு இரண்டு பேரும் அந்தச் சொற்களை வைத்துச் சட்டத்தரணியிடம் போகிறார்கள். "பிள்ளையே சொல்லுது" என்பார்கள். பிள்ளை சொல்வது உண்மை நிலவரமா, தப்பிக்கிற வழியா என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை அந்த நேரம் யாருக்கும் இருப்பதில்லை. (அடித்ததாகவோ, தொடக் கூடாத விதத்தில் தொட்டதாகவோ பிள்ளை சொன்னால் அது வேறு. அதை அப்படியே எடுத்து விசாரிக்க வேண்டும்.)

"போய்க் கொப்பரிட்டக் கேள்", "கொம்மாவின்ர குணம் அப்பிடியே இருக்கு" என்ற சொற்கள் நம் வீடுகளில் சாதாரணமாக விழுகின்றன. பிள்ளை தன்னில் பாதி அப்பா, பாதி அம்மா என்று அறிந்தே இருக்கிறது. அப்பாவைக் கேவலமாகச் சொன்னால் அதில் பாதி தனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்ளும்.

இங்கே வன்னிக்கென்று ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில், கட்டாயமாகப் போருக்கு ஆள்சேர்க்கும் ஆள்பிடியிலிருந்து தப்புவிக்கவென்று பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கட்டிவைத்தார்கள். பதிவும் இல்லை, பழக்கமும் இல்லை. 2009க்குப் பிறகு மீள்குடியேறி, வளர்ந்து பார்த்தபோது இருவரும் அந்நியர்கள். அப்படிப் பிரிந்தவர்களை ஊர் பேசுகிற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட தகப்பனின் படத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வீடுகள் இருக்கிற ஊரில், உயிரோடிருக்கும் தகப்பனையோ தாயையோ பிள்ளைக்கு இல்லாமல் ஆக்குவது என்னால் ஏற்கக்கூடிய காரியமாகவும் இல்லை.

இதுவரை பார்த்ததைக் கூட்டிச் சொன்னால்: பிள்ளைக்குத் தேவை மூன்று. தான் காரணமில்லை என்ற தெளிவு, அடுத்த கிழமை என்ன நடக்கும் என்ற நிச்சயம், இரண்டு பேரையும் ஒளிக்காமல் நேசிக்க அனுமதி. கீழே வரும் பழக்கங்கள் எல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

ஒரு மெசேஜ் எழுதுவது

பிரிந்தவர்களின் உறவில் பாதி இப்போது வட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. ஆகவே முதலில் பழக வேண்டியது மெசேஜ் எழுதுவது. இப்படி ஒன்று வருகிறது என்று வைப்போம்:

"உங்களுக்கு எப்ப பொறுப்பு வந்தது? போன தவணையும் இதே கூத்துத்தான். பிள்ளை கிழிஞ்ச சப்பாத்தோட போகுது, நீங்க அங்க சந்தோசமா இருங்கோ."

இதற்குப் பதிலாகச் சப்பாத்து வராது. சண்டைதான் வரும். அதே தேவையை இப்படியும் கேட்கலாம்:

"தம்பியின்ர சப்பாத்து கிழிஞ்சிட்டுது. திங்கள் பள்ளிக்கூடம் தொடங்குது. ஞாயிறுக்கு முதல் வாங்கிக் குடுக்கேலுமோ? ஏலாட்டி நான் வாங்கிப்போட்டு பில்லை அனுப்புறன், பாதியைப் போட்டுவிடுங்கோ."

இரண்டாவதில் ஒரே விடயம், ஒரு திகதி, பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. பழங்கதை இல்லை. அன்பும் இல்லை, அது வேண்டியதுமில்லை. ஒரு கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, கடிதம் எழுதும் மரியாதை போதும். முன்பு "நீ" என்று பழகியிருந்தாலும் இப்போது "நீங்கள்" என்று எழுதிப் பாருங்கள், பாதிச் சூடு அதிலேயே இறங்கும்.

குரல்பதிவு அனுப்பாமல் இருப்பது நல்லது. அதில் சொல்லைவிடத் தொனிதான் முந்திப் போகும். அதோடு நம் வீடுகளில் அதை ஸ்பீக்கரில் போட்டு மாமா, சித்தி எல்லாரும் கேட்பார்கள், பிள்ளை மூலையில் இருந்து கேட்கும். கோபத்தில் உடம்பு படபடக்கும்போது மூளை எதிரியைத்தான் தேடும், தீர்வைத் தேடாது. ஒரு இருபது நிமிடமாவது விட்டுவிட்டு, தண்ணீர் குடித்து, பிறகு எழுதுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், விபத்து தவிர்ந்த எதற்கும் உடனே பதில் போட வேண்டிய அவசியம் இல்லை.

இதன் மறுபக்கம்: பிள்ளையைத் தபால்காரன் ஆக்காதீர்கள். "டியூஷன் காசு தரச் சொல்லி அப்பாவிட்டச் சொல்லு" என்பது சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் அப்பா முகம் சுளிப்பதைப் பார்ப்பதும், வெறுங்கையோடு திரும்பி அம்மாவுக்குப் பதில் சொல்வதும் அந்தப் பிள்ளைதான். போய் வந்த பிறகு, "அங்க ஆர் ஆர் வந்தவை? என்ன சமைச்சவை?" என்று துருவுவதும் இதே வகை. "சந்தோசமா இருந்தியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பாட்டைப் போடுங்கள்.

கைமாறும் அந்தப் பத்து நிமிடம்

பிள்ளை ஒருவரிடமிருந்து மற்றவரிடம் போகும் நேரம்தான் அதிகம் வெடிக்கும். இருவரும் நேருக்கு நேர் நிற்கும் நேரம் அது ஒன்றுதான். மனதில் சேர்த்து வைத்த கணக்கெல்லாம் அப்போது வெளியே வரும். அதற்கு நல்ல வழி, இடத்தை மாற்றுவது. பாடசாலை விடும் நேரத்தில் வாசலில், அல்லது கோயிலடியில், இருவருக்கும் பொதுவான ஒரு உறவுக்காரர் வீட்டில். புதுக்குடியிருப்பில் ஒருவரும் மல்லாவியில் ஒருவரும் இருந்தால் பஸ் நேரத்தையும் சேர்த்து யோசித்து நேரம் குறிக்க வேண்டும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு வரும் ஆளோடு எந்த ஒழுங்கும் நிற்காது. பிந்துவதென்றால் முன்கூட்டியே ஒரு வரி. குடித்துவிட்டு வந்தால் அன்று பிள்ளையைக் கொடுப்பதில்லை என்பதை முதலே, நிதானமாக இருக்கும் நாளில் பேசி வையுங்கள்.

எழுதி வைக்கிற ஒழுங்கு

வாயால் பேசிய ஒழுங்கு இரண்டு மாதத்தில் இரண்டு விதமாக ஞாபகம் இருக்கும். ஒரு கொப்பியில் எழுதி, இருவரும் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். இதை வளர்ப்புத் திட்டம் என்பார்கள். சாதாரண நாட்களில் பிள்ளை எங்கே, தவணை விடுமுறையில் எங்கே, செலவில் யார் எதைப் பார்ப்பது, கிளினிக் கொப்பியும் பிறப்புச் சான்றிதழும் யாரிடம், தேர்ச்சி அறிக்கை வாங்க யார் போவது. பிறகு சண்டை வரும் நாட்கள்: தைப்பொங்கல், தீபாவளி, நத்தார், பெருநாள், பிறந்தநாள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒரு வருடம் தாயோடு, மடுத் திருவிழாவுக்குத் தகப்பனோடு என்று வீட்டுக்கு வீடு மாறும். புலமைப்பரிசில் பரீட்சை, சாதாரண தரம் வரும் ஆண்டுகளில் ஒழுங்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். பிள்ளை வளர வளர அதற்கும் சொல்ல ஏதாவது இருக்கும், கேளுங்கள். ஆனால் "ஆரோட இருக்க விருப்பம்?" என்ற கேள்வியைப் பிள்ளையின் தலையில் போட வேண்டாம்.

ஒருவர் கட்டாரில் வேலை என்றால் நேரில் பார்க்க ஒழுங்கில்லை. ஆனால் அழைப்புக்கு ஒழுங்கு வைக்கலாம். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். இங்கே இரவு எட்டு என்றால் அங்கே மாலை ஐந்தரை. வேலை முடியும் நேரத்தைப் பார்த்து, கிழமையில் இரண்டு நாள் குறித்து, அந்த நேரம் போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மற்றவர் அடுப்படிக்குப் போய்விட வேண்டும். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தால் அது பிள்ளையின் அழைப்பாக இராது.

இரண்டு வீட்டிலும் ஒரே சட்டம் இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். மருந்து, படிப்பு, படுக்கிற நேரம், போன் பாவனை ஆகியவற்றில் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் போதும். முட்டு இழுக்கும் பிள்ளைக்கு இரண்டு வீட்டிலும் பம்ப் இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. அங்கே கையால் ஊட்டுகிறார்கள், இங்கே தானே சாப்பிட விடுகிறார்கள் என்பதற்கெல்லாம் சண்டை வேண்டாம். அப்பம்மா வீட்டில் ஒரு மாதிரி, அம்மம்மா வீட்டில் வேறு மாதிரி என்று பிள்ளைகள் எப்போதும் சமாளித்துத்தான் வளர்கிறார்கள்.

அம்மம்மா என்றதும் இன்னொன்று. தாயும் தகப்பனும் அடங்கிவிட்டாலும் மாமாவும் அத்தையும் அடங்கமாட்டார்கள். அவர்களோடு மற்றப் பக்கம் பேசாது. அவரவர் ஆட்களை அவரவர்தான் நிறுத்த வேண்டும். "அம்மா, பிள்ளைக்கு முன்னால அவரைப் பற்றிக் கதைக்காதேங்கோ" என்று சொல்வது மகளின் வேலை. மருமகன் சொன்னால் அது புதுச் சண்டை.

காசும் பார்க்கிற உரிமையும்

"காசு தந்தால்தான் பிள்ளையைக் காட்டுவன்." "பிள்ளையைக் காட்டினால்தான் காசு தருவன்." இரண்டும் தவறு. பிள்ளைக்கான தாபரிப்பு, அதாவது பராமரிப்புச் செலவுக் காசு, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதிவான் நீதிமன்றத்தில் கேட்கப்படுவது. திருமணம் பதியப்படாவிட்டாலும், தகப்பன் இவர்தான் என்று நிரூபித்தால் பிள்ளைக்குக் கேட்கலாம்; அவசரக் கல்யாணம் செய்த தாய்மார் இதைத் தெரிந்திருக்க வேண்டும். விவாகரத்தும், அதோடு வரும் பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது என்ற விடயங்களும் மாவட்ட நீதிமன்றத்தில். முஸ்லிம் குடும்பங்களின் விவாகரத்துக்குக் காதி நீதிமன்றங்கள் இருக்கின்றன. காசையும் பார்க்கிற உரிமையையும் ஒன்றுக்கொன்று ஈடு வைக்க முடியாது. ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, பிள்ளையின் நலனுக்கு மாறாக இல்லாதவரை, பிரிந்த தாய் தகப்பன் இருவரோடும் ஒழுங்காகத் தொடர்பு வைத்திருப்பது பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. பார்க்கிற உரிமை என்று நாம் சொல்வது உண்மையில் பிள்ளையின் கணக்கில் இருப்பது.

"ஆம்பிளைப் பிள்ளை ஏழு வயதுக்குப் பிறகு தகப்பனுக்கு" என்று சந்தியில் கேட்பதை நம்ப வேண்டாம். பொதுச் சட்டத்தில் அப்படித் தானாக விழும் வயதுக் கோடு கிடையாது. நீதிமன்றம் பிள்ளையின் நலனைப் பார்க்கும்.

இன்னொரு சிக்கல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்குச் சொல்லும் காரணங்கள் மூன்று: பிறர்மனைத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத மலட்டுத்தன்மை என்று வழக்கில் சொல்லப்படும் உடலுறவு இயலாமை. அதாவது, ஒருவர் மற்றவரின் குற்றத்தை எழுதித்தான் வழக்குப் போட வேண்டும். அமைதியாகப் பிரிய நினைத்தவர்களும் அந்தத் தாளை வாசித்ததும் கொதித்துப் போவார்கள். வழக்கின் மொழி வேறு, வீட்டின் மொழி வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்கள் பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் கிடக்கக் கூடாது.

எங்கே இது பொருந்தாது

அடி, மிரட்டல், பின்தொடர்தல், பிள்ளையைத் துன்புறுத்தல் இருந்த இடத்தில் கூட்டு வளர்ப்பைப் பற்றிப் பேச வேண்டாம். அங்கே முதல் வேலை பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர் பாதுகாப்புக்கு 1929. "எல்லாத்தையும் மறந்து பிள்ளைக்காகப் பேசிப் பாருங்கோ" என்று அப்படிப்பட்ட ஒரு பெண்ணிடம் சொல்பவர், உதவி செய்யவில்லை.

வன்முறை இல்லை, ஆனால் வாய் திறந்தாலே சண்டை என்ற வீடுகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது: சமாந்தர வளர்ப்பு. இருவரும் நேரில் பேசுவதையே கைவிட்டு, எழுதிய ஒழுங்கின்படி அவரவர் நேரத்தில் அவரவர் பிள்ளையைப் பார்ப்பது. மாற்றம் வேண்டுமானால் எழுத்தில் மட்டும். பல சோடிகள் முதலில் இப்படித் தொடங்கி, சூடு ஆறிய பின் மெல்லப் பேசத் தொடங்குகிறார்கள். சிலர் கடைசிவரை இப்படியே இருக்கிறார்கள். அதிலும் குறை ஒன்றும் இல்லை.

சுருக்கமாக: பேச முடிந்தால் கூட்டு வளர்ப்பு, பேச முடியாவிட்டால் சமாந்தர வளர்ப்பு, பயம் இருந்தால் பாதுகாப்பு.

மற்றவர் ஒத்துழைக்காவிட்டால்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "நான் ஒழுங்கா எழுதுறன், அவர் ஏசித்தான் பதில் போடுறார்." மற்றவரைத் திருத்தும் வேலை உங்களுடையது இல்லை. அவருடைய மெசேஜில் பத்து வரி ஏச்சும் ஒரு கேள்வியும் இருந்தால், அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் போடுங்கள். ஏச்சுக்குப் பதில் வராதபோது பலர் களைத்துப் போவார்கள், சிலர் மாட்டார்கள். எப்படியானாலும் ஒரு வீட்டிலாவது சண்டை ஓய்ந்திருப்பது பிள்ளைக்கு இலாபம். வந்த நாள், வராத நாள், தந்த காசு எல்லாவற்றையும் திகதியோடு குறித்து வையுங்கள். நாளைக்கு நீதிமன்றம் போக வேண்டி வந்தால் உதவும்.

தனியாகச் சமாளிக்க ஏலாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். கரைச்சி, கண்டாவளை, ஒட்டுசுட்டான், துணுக்காய், எதுவாயினும், உளவளத்துணை உத்தியோகத்தரையும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் கேளுங்கள். காசு கொடுத்துச் சட்டத்தரணி பிடிக்க வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது அந்தக் கொப்பி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இருந்தால் திருமணப் பதிவு, மெசேஜ் உள்ள போன் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். தேவைப்பட்டால் அவர்களே வேறு நாளில் கூப்பிடுவார்கள்.